உள்ளே இருந்தவர்கள்: 'பீஸ்ட்' படத்தின் பணயமும் பாதியில் நின்ற காதலும்

2022 ஏப்ரல் 13ஆம் திகதி 'பீஸ்ட்' திரைக்கு வந்தபோது நோன்பு பத்தைக் கடந்திருந்தது. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது அதற்கு முதல் நாள்தான். காலி முகத்திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நாடு முழுக்க எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசை. சாய்ந்தமருதும் கல்முனையும் அந்த வரிசைகளுக்கு விலக்கல்ல. பெருநாள் முடிந்து, மே 11ஆம் திகதி நெட்பிளிக்ஸிலும் சன் நெக்ஸ்டிலும் படம் வந்தபோதுதான் எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் பலர் அதைப் பார்த்தார்கள். மே 9ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகிய நாளில் நாடெங்கும் போட்ட ஊரடங்கு அப்போதும் நீடித்தது. வெளியே போக முடியாத நாங்கள் வீட்டுக்குள் இருந்து, வெளியே போக முடியாதவர்களைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தோம். ஆனாலும் படம் முடிந்த பிறகு, அந்தக் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருடைய முகமும் நினைவில் தங்கவில்லை.

'பீஸ்ட்' ஏமாற்றிய படம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. படத்தின் நாயகன் விஜய்யின் தந்தையும் இயக்குநருமான எஸ்.ஏ.சந்திரசேகரன்கூடத் திரைக்கதையின் பலவீனத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். குறை சொன்னவர்கள் பொதுவாக இரண்டு விடயங்களைச் சொன்னார்கள்: பணயக் கைதிகளைப் பற்றிய கதையில் பதற்றம் இல்லை, காதல் பெயருக்கு மட்டும் இருக்கிறது. இவற்றைத் தனித்தனிக் குறைகளாகவே எல்லோரும் எண்ணினார்கள். எனக்கு இவை ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. அதே குறைதான் இந்தப் படத்தின் தீவிரவாதிகளை வெறும் முஸ்லிம் பெயர்களாக நிறுத்திவைத்தது என்பதும் என் எண்ணம். சாய்ந்தமருதில் இருந்து பார்க்கும் ஒருவருக்கு இந்த மூன்றாவது விடயத்தைக் கடந்துபோவது எளிதல்ல. அதற்குக் காரணமான இரவைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் படம். வீரராகவன் இந்திய உளவு அமைப்பான 'றோ'வின் அதிகாரி. ஜோத்பூரில் உமர் ஃபாரூக் என்ற தீவிரவாதத் தலைவனைப் பிடிக்கும் நடவடிக்கையில், வீரராகவன் ஏவிய குண்டுக்கு ஒரு சிறுமியும் பலியாகிறாள். குற்ற உணர்வு தாங்காமல் வேலையை விட்டுவிடுகிறான். சில மாதங்கள் கழித்துச் சென்னையில் ஒரு மனநல மருத்துவர் அவனைக் கல்யாண வீடொன்றுக்கு அழைத்துப் போகிறார். அங்கேதான் ப்ரீத்தியைச் சந்திக்கிறான். அவள் மூலமாக ஒரு சிறிய பாதுகாப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். பிறகு ஆயுததாரிகள் ஒரு வணிக வளாகத்தைக் கைப்பற்றி, உமர் ஃபாரூக்கை விடுவிக்கும்படி கேட்கிறார்கள். வளாகத்துக்குள் வீராவும் இருக்கிறான், ப்ரீத்தியும் இருக்கிறாள். வெளியே அரசின் சார்பில் பேச்சு நடத்துபவர் அல்தாஃப் ஹுசைன் என்ற அதிகாரி. அந்தப் பாத்திரத்தில் இயக்குநர் செல்வராகவன் நடித்திருக்கிறார்.

இந்தச் சுருக்கத்திலேயே ஒரு நல்ல படத்துக்கான விதை இருக்கிறது. ஒரு குழந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்று நம்பும் ஒருவன், குழந்தைகளும் அடைபட்டிருக்கும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறான். அவன் துப்பாக்கியைத் தொடுவதற்கே தயங்க வேண்டும். தூரத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டாலும் கை நடுங்க வேண்டும். படமோ அந்தச் சிறுமியை முதல் சில நிமிடங்களோடு விட்டுவிடுகிறது. வளாகம் கைப்பற்றப்பட்ட பிறகு வீராவுக்குத் தயக்கமும் இல்லை, பயமும் இல்லை. கத்தியாலும் துப்பாக்கியாலும் ஒவ்வொருவராக விழுத்திக்கொண்டு போகிறான். நாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்பது எமக்கு முன்பே தெரியும். அது எல்லா நட்சத்திரப் படங்களுக்கும் பொதுவானது, அதைப் பெரிய குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சமாவது இருக்க வேண்டுமல்லவா? அதுவும் இல்லாவிட்டால் பணயம் என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை.

பணயக் கைதிச் சம்பவம் ஒன்றில் உண்மையில் நடப்பது என்ன என்பதை உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொண்டது. 1972 செப்டெம்பரில் மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவசரத்தில் நடந்த மீட்பு முயற்சி எஞ்சியிருந்த 9 பேரில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகுதான் நியூயோர்க் பொலிஸில் உளவியல் படித்த ஹார்வி ஷ்லொஸ்பெர்க்கும் ஃபிராங்க் போல்ஸும் சேர்ந்து, பேச்சுவார்த்தைக்கென்று தனி முறை ஒன்றை வகுத்தார்கள். அதன் மையக் கருத்து மிக எளிமையானது: நேரத்தை இழு. மணிக்கணக்காக நேரம் போகப் போகப் பிடித்து வைத்திருப்பவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கதைக்கத் தோன்றும். தன் முன்னால் இருப்பவரின் பெயரைக் கேட்பான். பெயர் தெரிந்த ஒருவரைச் சுடுவது பெயர் தெரியாதவரைச் சுடுவதைவிடக் கடினம். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை 47 மணி நேரம் முற்றுகையில் இருந்தது. முற்றுகையின் தொடக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். ஆனாலும் பொலிஸார் உள்ளே பாயாமல் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள், ஆயுததாரிகள் சரணடைந்தார்கள்.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஸ்டொக்ஹோமில் ஒரு வங்கிக்குள் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் உள்ளே இருந்தே பிரதமர் ஓலொஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசினார். கொள்ளைக்காரனைவிடப் பொலிஸ் உள்ளே பாய்ந்துவிடுமோ என்றுதான் தனக்குப் பயம் என்று சொன்னார். பலர் அதை ஒரு நோயாகப் பார்த்தார்கள், அதற்கு ஸ்டொக்ஹோமின் பெயரையே வைத்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண் நிலைமையைச் சரியாகக் கணக்கிட்டார் என்றே படுகிறது. அறைக்குள் இருப்பவருக்கு இரண்டு பக்கத் துப்பாக்கியும் தெரியும். வெளியே நிற்பவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

நல்ல பணயக் கைதிப் படம் இந்த நேரத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. நேரம் போகிறது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் மனிதர்களாகத் தெரியத் தொடங்குகிறார்கள், அதனால் இழப்பின் விலை ஏறுகிறது. 1988இல் வந்த 'டை ஹார்ட்' படம்தான் 'பீஸ்ட்' உட்பட ஒரு கட்டடம், ஒரு நாயகன், ஒரு கும்பல் என்ற எல்லாப் படங்களுக்கும் முன்னோடி. அதில் நாயகனின் மனைவி ஹொலி கணவனோடு மனக்கசப்பில் இருப்பவள். வேலையிடத்தில் அவள் பாவிப்பது தன் கன்னிப் பெயரை. கோபத்தில் தன் மேசையில் இருந்த குடும்பப் படத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் அது ஒரு சிறிய குடும்பச் சண்டை. கும்பல் கட்டடத்தைப் பிடித்த பிறகு, அந்தக் கவிழ்ந்த படமும் வேறு பெயரும்தான் அவளைக் காப்பாற்றுகின்றன. அவள் யாருடைய மனைவி என்று கும்பல் தலைவனுக்குத் தெரியாது. அவன் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கணத்தில் எங்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. கணவன் மனைவிக்கு இடையிலான பிணக்கு அங்கே கதையின் பூட்டாகவும் சாவியாகவும் இருக்கிறது. காதல் காட்சிகளுக்கென்று அந்தப் படம் ஒதுக்கிய நேரம் மிகக் கொஞ்சம். ஒதுக்கிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் வேலை இருக்கிறது.

'பீஸ்ட்' படத்தில் ப்ரீத்தியை நீக்கிவிட்டுப் பார்க்கலாம். வளாகம் கைப்பற்றப்படும், வீரா சண்டை போடுவான், முடிவில் போர் விமானத்தில் எல்லை கடப்பான். ஒரு திருப்பமும் மாறாது. ப்ரீத்தியாக வந்த பூஜா ஹெக்டேயின் நடிப்பில் இருந்த குறை என்று இதைச் சொல்ல மாட்டேன், அவருக்கு நடிக்க ஒரு காட்சியும் தரப்படவில்லை. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பே, பெப்ரவரி 14ஆம் திகதி, அனிருத்தின் 'அரபிக் குத்து' வெளியாகி எல்லோர் வாயிலும் இருந்தது. காதலைச் சொல்லும் வேலை முழுவதையும் அந்தப் பாட்டின் தலையில் இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அவன் அவளோடு கழிக்கும் நேரம் பகிடியிலும் ஆட்டத்திலும் போகிறது. தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவன் தான் கொன்ற குழந்தையைப் பற்றிச் சொல்லக்கூடிய முதல் ஆள் அவளாக இருந்திருக்கலாம். அவளிடம் அவன் சொல்லியிருந்தால், வளாகத்துக்குள் அவன் கத்தியை எடுக்கும்போது அவள் முகத்தில் நாங்கள் எதையோ தேடியிருப்போம். அவன் தயங்கியிருந்தால் ஏன் என்று தெரிந்த ஒரே ஆளாக அவள் அங்கே இருந்திருப்பாள்.

'பீஸ்ட்' இயக்குநர் நெல்சன் திலீப்குமாருக்கு இது தெரியாத வித்தை அல்ல, அதுதான் எனக்குக் கவலை. ஆறு மாதம் முன்பு, 2021 ஒக்டோபரில் வந்த அவருடைய 'டொக்டர்' படத்தில் நாயகனுக்கு முகத்தில் உணர்ச்சியே வராது. அதனாலேயே பத்மினி அவனோடு கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அந்த வேளையில் அவள் குடும்பத்துப் பிள்ளை கடத்தப்படுகிறது. அவன் அந்தக் குடும்பம் முழுவதையும் இழுத்துக்கொண்டு தேடப் புறப்படுகிறான். எந்தக் குணத்துக்காக அவனை வேண்டாம் என்றாளோ, அதே கலங்காத குணம்தான் பிள்ளையை மீட்கிறது. காதலும் கடத்தலும் அங்கே ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். வாய் திறந்து யாரும் காதலைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனாலும் முடிவில் அவள் மனம் மாறுவதை நாம் நம்புகிறோம். அதே இயக்குநர் அடுத்த படத்தில், முதல் வரிசை நட்சத்திரம் ஒருவர் கைக்கு வந்ததும், குடும்பத்தையும் சிறு மனிதர்களையும் விட்டுவிட்டு ஒருவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தமிழில் பணயமும் காதலும் ஒன்றையொன்று தாங்கி நின்ற படம் என்றால் 1992இல் வந்த மணிரத்னத்தின் 'ரோஜா'தான். 1991இல் காஷ்மீரில் இந்தியன் ஒயில் நிறுவன அதிகாரி துரைசாமி கடத்தப்பட்டு, அவரை விடுவிக்க அவர் மனைவி போராடிய சம்பவம் அதற்கு வித்து. அக்காவைப் பெண் பார்க்க வந்தவன் தன்னைக் கேட்டுவிட்டான் என்ற கோபத்தோடு ரோஜாவின் கல்யாணம் தொடங்குகிறது. அந்தக் கோபம் கரைந்து அன்பாவதற்குப் படம் பொறுமையாக நேரம் தருகிறது. அவளுக்குக் கணவன் கிடைத்த கொஞ்ச நாளிலேயே அவன் காணாமல் போகிறான். மொழி தெரியாத ஊரில் பொலிஸ் நிலையத்துக்கும் இராணுவ அலுவலகத்துக்கும் அலையும் அந்தக் கிராமத்துப் பெண்ணின் கண்ணீர் எங்களுக்குப் புரிந்தது. தன் கணவன் விடுதலையாக வேண்டும் என்று அவள் கேட்கும்போது நாடு, கொள்கை என்ற பெரிய சொற்கள் எல்லாம் அவள் முன் சிறுத்துவிடுகின்றன. கிழக்கில் காணாமல் போனவர்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாரையும் மனைவிமாரையும் கண்ட எவருக்கும் ரோஜாவை அடையாளம் காண விளக்கம் தேவைப்படாது.

அந்தப் படத்தின் மேலும் எனக்கு மனக்குறை உண்டு. எரியும் கொடியின் மேல் நாயகன் விழுந்து அணைக்கிறான், அவனை அடிக்கிறார்கள். அதற்கு இடையில், கடத்தியவர்களில் ஒருவனான லியாகத் தொழுதுகொண்டிருக்கும் காட்சி மாறி மாறி வருகிறது. தேச ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது பெற்ற படம் அது. 1994இல் ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா யாருடைய தேசம் இங்கே ஒருமைப்படுகிறது என்ற கேள்வியை எழுப்பி, 'எக்கொனொமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. இருந்தாலும் லியாகத் என்ற பாத்திரத்துக்குள் ஒரு மனிதன் இருந்தான். பங்கஜ் கபூரின் கண்களில் இருந்த களைப்பும் கைதியோடு அவன் பேசும் பேச்சும் அவனுக்கு ஒரு கடந்த காலத்தைக் கொடுத்தன. கைதிக்கும் காவலனுக்கும் இடையில் நேரம் இருந்ததால் அது நடந்தது.

காதலே பணயத்துக்குக் காரணமான சம்பவம் ஒன்று இலங்கையருக்கு நன்றாகத் தெரியும். 1982 ஜூன் 30ஆம் திகதி புதுடில்லியில் அலிட்டாலியா ஜம்போ விமானத்தில் ஏறிய சேபால ஏக்கநாயக்க, பாங்கொக் நோக்கிய பயணத்தில் அதைக் கடத்தினார். அவர் கேட்டது 3 இலட்சம் டொலர் பணமும், இத்தாலியில் இருந்த மனைவியும் சிறு மகனும். இத்தாலி அவருக்கு விசா தர மறுத்திருந்தது. கேட்டது கிடைத்தது. மனைவி பிள்ளையோடு கொழும்பு வந்திறங்கியவரை ஒரு கூட்டம் வீரனைப் போல வரவேற்றது. விமானக் கடத்தலுக்கு எதிரான தனிச்சட்டம் அப்போது நாட்டில் இல்லை. 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் பின்னோக்கிச் செல்லுபடியாகும்படி நிறைவேற்றப்பட்டு, அவர் தண்டிக்கப்பட்டார்.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் அந்த விமானத்தில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகள்தான் எனக்குத் தோன்றுவார்கள். ஒருவனுடைய பிரிவுத் துயருக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அதேநேரம் பிள்ளையைப் பிரிந்த தகப்பன் என்ற உண்மையையும் தள்ளிவிட முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மனம் அல்லாடும் இடத்தில்தான் பணயக் கைதிக் கதை உயிர் பெறுகிறது. சிட்னி லூமெட் 1975இல் எடுத்த 'டோக் டே ஆஃப்டர்நூன்' இதைச் செய்தது. புரூக்ளினில் 1972இல் உண்மையாக நடந்த வங்கிக் கொள்ளையை வைத்து எடுத்த படம் அது. தான் நேசித்த ஒருவரின் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேடி வங்கிக்குள் நுழைந்தவனை, சிரிப்பும் கலக்கமும் சேரச் சேர நாம் பார்த்துக்கொண்டிருப்போம். ராதாமோகனின் 'பயணம்' 2011இல் வந்தது. அதில் கடத்தப்பட்ட விமானத்துக்குள் திரையில் மட்டும் வீரம் காட்டும் ஒரு நடிகரும், அவர் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு ரசிகரும் இருந்தார்கள். படத்தில் பல இடங்கள் சப்பென்று போகும். ஆனாலும் இருக்கையில் இருந்த மனிதர்களுக்கு முகம் இருந்தது.

'பீஸ்ட்' படத்தில் அந்த வாய்ப்பு அல்தாஃப் ஹுசைனிடம் இருந்தது. செல்வராகவனின் சோர்ந்த முகமும் தாழ்ந்த குரலும், இந்த மனிதர் எத்தனையோ இரவுகளைத் தொலைபேசி முன்னால் கழித்தவர் என்று சொல்லின. படத்தில் எனக்குப் பிடித்தது அவர் மட்டும்தான். ஆனால் அவருடைய உண்மையான வேலையைப் படம் அவரிடம் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவனின் பெயரையும் ஊரையும் பயத்தையும் ஒவ்வொன்றாகக் கறந்தெடுக்கும் நீண்ட உரையாடல் ஒன்று வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதன் எழுதப்பட்டிருந்தால்தானே அது நடக்கும்.

இங்கேதான் மூன்றாவது விடயம் வருகிறது. ஆயுததாரிகள் ஏன் வந்தார்கள், எங்கே வளர்ந்தார்கள், அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று படம் கேட்கவில்லை. பெயர் போதும் என்று நினைத்துவிட்டது. குவைத்தும் கத்தாரும் படத்தைத் தடை செய்தன. அம்பாறைக் கரையோரத்தில் இருந்து தொழிலுக்குப் போனவர்கள் நிறைந்த நாடுகள் அவை. தமிழ்நாட்டிலும் ஒரு முஸ்லிம் கட்சி தடை கேட்டு அரசிடம் மனுக் கொடுத்தது. 2012 தீபாவளிக்கு வந்த 'துப்பாக்கி'க்கும் எதிர்ப்பு எழுந்து, சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் இரண்டு வாரம் நிறுத்திவைக்கப்பட்டு, பெப்ரவரி 7ஆம் திகதிதான் வெளியானது.

தடை கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடை ஒரு மோசமான படத்துக்குத் தகுதியில்லாத முக்கியத்துவத்தைக் கொடுக்கிறது, அந்தப் படம் ஏன் மோசம் என்ற பேச்சையும் அடக்கிவிடுகிறது. ஆனால் மனுக் கொடுத்தவர்களின் வருத்தத்தை அற்பமாக நினைக்க என்னால் முடியாது. எதிர்ப்புக்குப் பதிலாகப் படக்காரர்கள் வழக்கமாகச் சுட்டிக்காட்டுவது ஒன்று உண்டு: நல்ல முஸ்லிமும் இருக்கிறாரே. 'விஸ்வரூபம்' நாயகன் விசாம் அகமது. 'பீஸ்ட்' அதிகாரி அல்தாஃப் ஹுசைன். மஹ்மூத் மம்தானி 2004இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கைத்தான் உடைத்துக் காட்டினார். நல்லவர், கெட்டவர் என்று முஸ்லிம்களைப் பிரித்துவைக்கும் பேச்சு, அரசியலில் பிறந்த வன்முறைக்கு மதத்தில் விளக்கம் தேடுகிறது என்பது அவர் வாதம். திரையில் அதன் விளைவு இன்னும் எளிமையானது. ஒருவர் தராசின் இந்தத் தட்டில், பத்துப் பேர் அந்தத் தட்டில். சாதாரண முஸ்லிம் எங்கேயும் இல்லை. சாமான் வாங்கப் பிள்ளையோடு வந்து வளாகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு உம்மாவை, தொழுகை நேரம் போகிறதே என்று தவிக்கும் ஒரு வயோதிபரைப் படம் காட்டவில்லை. பணயக் கைதிகளுக்கு முகம் கொடுத்திருந்தால் அவர்களில் ஒருவராவது அப்படி இருந்திருப்பார். அந்த ஒரு முகம் போதும், ஆயுததாரியின் பெயருக்கு வேறு பொருள் வந்திருக்கும்.

சாய்ந்தமருதுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, வொலிவேரியன் கிராமத்தில் ஒரு வீட்டைப் பாதுகாப்புப் படையினர் சுற்றி வளைத்தார்கள். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக வெனிசுவேலா நாட்டின் உதவியோடு உருவான குடியேற்றம் அது. உள்ளே அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் தகப்பனும் இரண்டு சகோதரர்களும் அவர்களுடைய குடும்பங்களும் இருந்தன. துப்பாக்கிச் சண்டை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். விடிந்தபோது 15 உடல்கள், அவற்றில் ஆறு பிள்ளைகள். சஹ்ரானின் மனைவியும் ஒரு மகளும் காயங்களோடு உயிர் தப்பினார்கள். கல்முனை, சவளக்கடை, சம்மாந்துறைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போடப்பட்டது.

அந்த ஆறு பிள்ளைகளை எந்தச் சட்டமும் பணயக் கைதிகள் என்று சொல்லாது. அவர்களை யாரும் கடத்தவில்லை, அவர்களுக்காக யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் வாப்பாமாரோடு, உம்மாமாரோடு இருந்தார்கள். ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியே வர அவர்களுக்கு வழி இருக்கவில்லை, எதற்காக அங்கே இருக்கிறோம் என்றும் தெரிந்திருக்காது. நான் அவர்களைப் பணயக் கைதிகளாகத்தான் நினைக்கிறேன். ஜோத்பூரில் செத்துப்போன கற்பனைச் சிறுமியைப் 'பீஸ்ட்' மறந்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையில் குழந்தை சாவது ஒரு நாயகனின் மனக்காயத்துக்குக் காரணம் சொல்லப் பயன்பட்டால் போதும் என்று ஒரு படம் நினைக்கும்போது, அது உண்மையாக நடந்த ஊரில் இருப்பவர்களுக்கு வலிக்கும்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்து வாடகைக்கு இருந்தவர்கள் மேல் ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் இந்த ஊர் மக்கள்தான். அப்போது வெளிவந்த செய்திகளில் இது தெளிவாகவே இருந்தது. ஆனாலும் அடுத்து வந்த வாரங்களில் அது மறக்கப்பட்டது. மே மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்கு ஓராண்டு முன்பு, 2018 பெப்ரவரியில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு பொய்யை நம்பி அம்பாறை நகரில் உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கியிருந்தார்கள். ஒரு மாத்திரைக் கதையை ஒரு நகரமே நம்புவதற்கு, அந்த மனிதர்களைப் பற்றி வேறு கதை எதுவும் மனதில் இல்லாதிருக்க வேண்டும். ஒரு படம் கலவரத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. முகமில்லாத பெயர்களாகவே ஒரு சமூகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது அந்த வெற்றிடம் பெரிதாகிறது என்பதுதான் என் கவலை.

தகவல் கொடுத்த அயலவரை வைத்து ஒரு படம் எழுதலாம் என்று எனக்குப் படுகிறது. ஐந்து நாளாக நாடே தன்னைச் சந்தேகத்தோடு பார்க்கும்போது, தானே இன்னொருவரைச் சந்தேகிக்க வேண்டிய நிலை. அந்த வீட்டு முற்றத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் ஊருக்கு என்ன ஆகும்? அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கலாம். மாப்பிள்ளை வேறு ஊர்க்காரனாக இருக்கலாம். சாய்ந்தமருதுப் பெண் என்றாலே அவன் வீட்டார் இனித் தயங்குவார்களோ என்று அவள் அஞ்சலாம். அவன் அந்த இரவு ஊரடங்குக்குள் அவளைத் தொலைபேசியில் அழைக்கிறானா இல்லையா என்பது அந்தக் கதையில் ஒரு வெடிச் சத்தத்துக்கு நிகரான விடயம். இந்தக் காதலை நீக்கினால் கதை குலைந்துவிடும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த நாயகன் இதில் எங்கேயும் தேவைப்படமாட்டான்.

எழுதப் போகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் வொலிவேரியன் கிராமம்தான். அங்கே அன்று அயலில் இருந்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் விளக்கணைத்தார்கள், பிள்ளைகளை எந்த அறையில் படுக்கவைத்தார்கள், முதல் வெடி கேட்டதும் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கையில் ஒரு கைபேசியோடு போய், பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதியைக் கொடுத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்து வைக்கலாம். வயதானவர்களிடம் முதலில் போக வேண்டும்.